ஒளியைக் கண்டோர் எழுதிய ஏடுகள்

1945 ஆகஸ்டு 6, திங்கட்கிழமை. ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்து, ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பும் ஏழரை மணியளவில் வந்துவிட்டது. மக்கள் வேலைக்குப் புறப்பட்டனர். தீ பரவாமல் தடுக்க நகரின் நடுவே அகன்ற வெளிகள் அமைக்கும் பொருட்டு, வீடுகளை இடிக்கும் பணியில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவ மாணவியர் ஈடுபட்டிருந்தனர். மணி 8.15. 'எனோலா கே' என்ற அமெரிக்க விமானம் போட்ட ஒரே ஒரு குண்டு நகருக்கு மேலே வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர். ஆகஸ்டு 9-ஆம் தேதி நாகசாகியின் மேல் போடப்பட்ட இரண்டாவது குண்டுக்கு ஏறத்தாழ 70,000 பேர் பலியாயினர்.

இந்த எண்களைப் பாடநூல்களில் படித்திருக்கிறோம். ஆனால் அன்று நடந்தது என்ன என்பதை உலகம் எவ்வாறு அறிந்து கொண்டது? குண்டைச் செய்தவர்களுக்கு அது எப்படி வெடிக்கும் என்பது தெரியும். அதன் கீழே இருந்தவர்களுக்கு என்ன நேரும் என்பது முழுமையாகத் தெரியாது. நகரில் இருந்தவர்களுக்குத் தமக்கு நேர்ந்தது தெரியும். எதனால் நேர்ந்தது என்பது தெரியாது. இந்த இரண்டு பாதி அறிவையும் ஒன்று சேர்த்தவை, பிழைத்தவர்கள் எழுதிய நாட்குறிப்புகளும், சொன்ன சாட்சியங்களும், அவற்றைக் கொண்டு எழுந்த நூல்களுமே. அவற்றுள் சிலவற்றையும், அவற்றில் அடங்கிய அறிவியலையும் இக்கட்டுரையில் காண்போம்.

குண்டின் கணக்கு

முதலில் குண்டைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்வது நல்லது. ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் சுமார் 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. அணுகுண்டுக்கு உகந்தது யுரேனியம்-235 என்னும் வகை. அதன் அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்கினால் கரு இரண்டாகப் பிளக்கிறது, ஆற்றலும் வெளிப்படுகிறது, இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களும் வெளிவருகின்றன. அவை அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகும் இந்தத் தொடர்வினை நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவான நேரத்தில் நடந்து முடிந்தது.

64 கிலோவில் உண்மையில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அதிலும் ஆற்றலாக மாறிய நிறை ஒரு கிராமுக்கும் குறைவு. அந்த ஒரு கிராமுக்குக் குறைவான நிறைதான் சுமார் 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமான ஆற்றலைத் தந்தது. அதில் ஏறத்தாழப் பாதி காற்றழுத்த அதிர்வாகவும், மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகவும், எஞ்சியது கதிர்வீச்சாகவும் வெளிப்பட்டது. வெடித்த இடம் தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். அதற்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளியை 'வெடிமையம்' என்று கொள்வோம். இனி வரும் தூரங்கள் எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்து அளந்தவை.

ஒளி மட்டும் கண்டவர்கள், ஓசையும் கேட்டவர்கள்

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி 1946-இல் ஹிரோஷிமா சென்று, பிழைத்தவர்களைச் சந்தித்தார். அவர்களில் ஆறு பேரைத் தேர்ந்து, அவர்கள் வாய்மொழியாகக் கூறியதைக் கொண்டே நீண்டதொரு கட்டுரை எழுதினார். ஓர் அலுவலக எழுத்தர், கணவனைப் போரில் இழந்து தையல் வேலையால் குழந்தைகளைக் காத்த ஒரு தாய், இரண்டு டாக்டர்கள், ஒரு ஜெர்மானியப் பாதிரியார், ஒரு ஜப்பானியப் பாதிரியார் ஆகியோரே அந்த ஆறு பேர்.

அவர்கள் கூறியவற்றில் ஒரு வியப்பு உண்டு. நகருக்குள் இருந்தவர்களில் அநேகமாக எவருக்கும் குண்டு வெடித்த ஓசை நினைவில் இல்லை! கண்ணைப் பறிக்கும் ஒளி, உடனே வீடு சரிந்து விழுந்தது, இருள், புழுதி. இவ்வளவுதான். ஆனால் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் கடலில் இருந்த ஒரு மீனவர் ஒளியையும் கண்டார். பெரும் முழக்கத்தையும் கேட்டார்.

ஜப்பானிய மக்கள் இந்த வேறுபாட்டைத் தம் பேச்சிலேயே பதிந்து வைத்தனர். 'பிகா' என்றால் பளிச்சிடும் ஒளி. 'டோன்' என்றால் இடிமுழக்கம். நகருக்குள் இருந்தவர்கள் குண்டைப் 'பிகா' என்றனர். தொலைவில் இருந்தவர்கள் 'பிகா-டோன்' என்றனர். ஒருவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே அன்று அவர் எங்கே இருந்தார் என்று ஊகிக்க முடிந்தது.

இதன் பௌதிகம் எளியது. மின்னல் முதலில், இடி பின்னர் என்பதை நாம் மழைக்காலத்தில் காண்கிறோம் அல்லவா? ஒளி நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்கிறது. ஒலி மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர்தான் செல்கிறது. 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மீனவருக்கு ஒளிக்கும் ஒலிக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் கிடைத்தது. அருகில் இருந்தவர்களுக்கோ ஓசையாக வர வேண்டியது சுவர்களைச் சரிக்கும் அதிர்ச்சி அலையாகவே வந்தது. கேட்பதற்கு முன்பே அவர்கள் வீழ்த்தப்பட்டனர்.

கல்லில் படிந்த நிழல்

பிழைத்தவர்களின் நூல்களில் திரும்பத் திரும்ப வரும் மற்றொரு செய்தி: சில பெண்களின் தோலில் அவர்கள் அணிந்திருந்த கிமோனோவின் பூவேலைப்பாடு அப்படியே தீக்காயமாகப் பதிந்திருந்தது. இதைக் கேட்டு நம்ப மறுத்தவர்கள் இருந்தனர். ஆனால் அறிவியல் இதை எளிதில் விளக்குகிறது. வெள்ளைத் துணி வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்புத் துணி அவற்றை ஏற்றுக்கொள்கிறது. கோடையில் கறுப்புக் குடைத்துணி எவ்வளவு சுடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வெடிமையத்தில் தரையின் வெப்பநிலை 3,000 முதல் 4,000 டிகிரி செல்சியஸ் வரை சென்றதாகக் கணக்கிட்டுள்ளனர். அந்த வெப்பம் சில நொடிகளே நீடித்தது. ஆகவே துணியின் கரிய பகுதிக்கு அடியில் இருந்த தோல் வெந்தது. வெளிறிய பகுதிக்கு அடியில் இருந்த தோல் ஓரளவு தப்பியது.

நகரின் சுமிதோமோ வங்கி வெடிமையத்திலிருந்து 260 மீட்டர் தூரத்தில் இருந்தது. வங்கி திறப்பதற்காக அதன் கல்படியில் ஒருவர் காத்திருந்தார். வெப்பம் பட்ட கல் வெளிறிப் போயிற்று. அவர் உடல் மறைத்த இடம் மட்டும் கரிய நிழலாக நின்றது. அந்தப் படி இப்போது ஹிரோஷிமா அமைதி நினைவுக் காட்சிசாலையில் இருக்கிறது.

இத்தகைய நிழல்கள் விஞ்ஞானிகளுக்கு அளவுகோல்களாகவும் பயன்பட்டன. பாலத்தின் கைப்பிடிச் சுவர், கம்பம், குழாய் முதலியவற்றின் நிழல்கள் எந்தத் திசையில், எந்தக் கோணத்தில் விழுந்துள்ளன என்று அளந்தனர். அந்தக் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் அவை வானில் ஒரு புள்ளியில் சந்திக்கும். குண்டு வெடித்த இடம் அதுவே. பள்ளியில் படிக்கும் முக்கோணவியல் இந்த வேலைக்குப் போதுமானது.

ஒரு டாக்டரின் நாட்குறிப்பு

ஒளி, வெப்பம், அதிர்வு ஆகிய மூன்றையும் மக்கள் கண்டனர், உணர்ந்தனர். நான்காவதாக ஒன்று வந்தது. அது கண்ணுக்குத் தெரியவில்லை; உடலுக்கும் அப்போது தெரியவில்லை. அதை அடி அடியாகக் கண்டுபிடித்த கதையே டாக்டர் மிச்சிஹிகோ ஹச்சியாவின் 'ஹிரோஷிமா நாட்குறிப்பு'.

ஹச்சியா ஹிரோஷிமாவில் தபால் தந்தித் துறையினருக்கான மருத்துவமனையின் தலைவர். குண்டு வெடித்தபோது வீட்டில் இருந்தார். உடலெங்கும் காயம், அணிந்திருந்த உடை பறந்து போயிற்று. தள்ளாடியபடி தம் மருத்துவமனைக்கே நடந்து சென்று அங்கு நோயாளியானார். ஆகஸ்டு 6 முதல் செப்டம்பர் 30 வரை அவர் எழுதிய குறிப்புகள் 1955-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன.

முதல் சில நாட்களில் காயமோ தீப்புண்ணோ அதிகம் இல்லாதவர்களும் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். மலத்தில் இரத்தம் இருந்தது. டாக்டர்கள் அதைச் சீதபேதி என்று கருதினர். தொற்று பரவுமோ என்று அஞ்சித் தனிப்பகுதி ஏற்படுத்தினர். பகைவர்கள் நச்சு வாயுவையோ நோய்க்கிருமிகளையோ வீசியிருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. இரண்டு வாரம் கழித்து வேறு அறிகுறிகள் தோன்றின. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தோலில் சிறு சிறு செம்புள்ளிகள் தோன்றின. ஈறுகளில் இரத்தம் கசிந்தது. தேறி வருவதாகத் தோன்றியவர்கள் திடீரென இறந்தனர்.

ஆகஸ்டு 20-ஆம் தேதியளவில் டோக்கியோவிலிருந்து ஒரு மைக்ராஸ்கோப் வந்து சேர்ந்தது. உடனே நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தனர். நலமான ஒருவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். கடுமையாக நோயுற்றவர்களிடம் அவை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தன! பின்னர் பிணப் பரிசோதனைகள் நடந்தன. உடலின் உள்ளுறுப்புகளிலும் இரத்தக் கசிவு இருப்பது தெரிந்தது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களும் குறைந்து போயிருந்தன.

காரணம் என்ன? இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் இடைவிடாமல் உற்பத்தியாகின்றன. குண்டிலிருந்து வந்த காமாக் கதிர்களும் நியூட்ரான்களும் உடலை ஊடுருவி, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களை முதலில் அழித்தன. மஜ்ஜையின் செல்கள், குடலின் உட்பூச்சுச் செல்கள், முடி வேரின் செல்கள் ஆகியவை அத்தகையவை. குடல் பழுதானதால் பேதி. முடி வேர் பழுதானதால் முடி உதிர்வு. மஜ்ஜை பழுதானாலும், இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள அணுக்கள் தீரும் வரை அந்தப் பழுது வெளியே தெரியாது. அதனால்தான் இரண்டு மூன்று வாரம் கழித்து மரணம் வந்தது.

ஹச்சியா அத்துடன் நிற்கவில்லை. ஒவ்வொரு நோயாளியிடமும் குண்டு வெடித்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டு, அந்தத் தூரத்தையும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். வெடிமையத்துக்கு அருகில் இருந்தவர்களிடமே குறைவு மிகுதி என்பது புலனாயிற்று. ஆகவே இது தொற்றுநோய் அன்று. காற்றில் பரவும் நஞ்சும் அன்று. இந்த உண்மையை மருத்துவமனையில் அறிவிப்பாக எழுதி வைத்தபோது, தொலைவில் இருந்து தப்பியவர்களின் அச்சம் தணிந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு அந்த மண்ணில் புல்லும் முளைக்காது, மனிதர் வாழ முடியாது என்ற வதந்தி பரவியிருந்த காலம் அது. உண்மையில் அந்தப் பருவத்திலேயே இடிபாடுகளுக்கிடையே பச்சை தலைகாட்டிற்று.

வேறொரு சான்றும் இருந்தது. செஞ்சிலுவை மருத்துவமனையின் நிலவறையில் உறை பிரிக்காமல் வைத்திருந்த எக்ஸ்ரே தகடுகள் கதிர் பட்டுக் கெட்டிருந்தன. ஒளி புகாத இடத்தில் தகடு கெட வேண்டுமானால் ஊடுருவும் கதிர்கள் வந்திருக்க வேண்டும். பௌதிக அறிஞர் யோஷியோ நிஷினா உள்ளிட்ட ஜப்பானிய விஞ்ஞானிகள் இத்தகைய சான்றுகளைக் கொண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதியே இது அணுகுண்டுதான் என்ற முடிவுக்கு வந்தனர்.

பேசக் கூடாது என்ற ஆணை

போர் முடிந்ததும் ஜப்பான் நேச நாடுகளின் ஆட்சிக்குள் வந்தது. 1945 செப்டம்பரில் பத்திரிகைகளுக்குத் தணிக்கை விதிகள் பிறந்தன. குண்டின் விளைவுகளைப் பற்றி எழுதுவது கடினமாயிற்று. ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் வில்பிரட் பர்ச்செட் அதற்கு முன்பே தனியாக ஹிரோஷிமா சென்று, காயமே இல்லாதவர்களும் இனம் தெரியாத நோயால் இறந்து கொண்டிருப்பதை எழுதினார். செப்டம்பர் 5-ஆம் தேதி லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' இதழில் அது வெளிவந்தது. அமெரிக்க அதிகாரிகள் மறுத்தனர். நாகசாகியிலிருந்து ஜார்ஜ் வெல்லர் என்ற நிருபர் அனுப்பிய செய்திகளோ தணிக்கையில் நின்றுவிட்டன. அவருடைய மறைவுக்குப் பிறகு கிடைத்த படிகள் 2006-இல்தான் நூலாயின.

இந்தச் சூழ்நிலையில் ஹெர்சியின் கட்டுரை வெளிவந்ததை எண்ணிப் பாருங்கள். 1946 ஆகஸ்டு 31-ஆம் தேதியிட்ட 'நியூயார்க்கர்' வார இதழ் முழுவதையும் அந்த ஒரே கட்டுரை நிறைத்தது. இதழ் விரைவில் விற்றுத் தீர்ந்தது. வானொலியில் நான்கு இரவுகள் அதைப் படித்தனர். அதே ஆண்டில் நூலாயிற்று. ஆனால் அந்த ஆறு பேரின் சொந்த நாட்டு மொழியில் அது வருவதற்கு 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஹெர்சி தம் நூலில் எவரையும் சாடவில்லை. குண்டு தேவையா என்று வாதிடவும் இல்லை. ஆறு மனிதர்கள் அன்று காலையில் என்ன செய்து கொண்டிருந்தனர், பிறகு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொன்னார். லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்ற எண்ணால் கலங்காதவர்களும், ஒரு தாய் இடிபாடுகளில் தன் குழந்தைகளைத் தோண்டி எடுத்ததைப் படித்துக் கலங்கினர்.

ஜப்பானுக்குள்ளும் எழுதியவர்கள் உண்டு. எழுத்தாளர் யோகோ ஓட்டா, தாமும் எந்த நேரத்திலும் இறக்கக்கூடும் என்ற அச்சத்தில், 1945 இலையுதிர்காலத்தில் கிடைத்த தாள்களில் எல்லாம் எழுதி 'பிணங்களின் நகரம்' என்ற நூலை முடித்தார். அது 1948-இல் சில பகுதிகள் நீக்கப்பட்டே வெளிவந்தது. முழுமையான பதிப்பு 1950-இல் வந்தது. தாமிகி ஹாரா என்பவர் அழிவின் நடுவே குறிப்பேட்டில் எழுதி வைத்ததைக் கொண்டு 'கோடைப் பூக்கள்' என்ற கதையை 1947-இல் வெளியிட்டார்.

தன்னையே ஆராய்ந்த டாக்டர்

நாகசாகியில் டாக்டர் தகாஷி நாகாய், மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே துறையில் பணியாற்றியவர். அவர் வாழ்க்கை ஒரு கொடிய முரண். போர்க்காலத்தில் பிலிம் கிடைக்காததால் திரையில் நேராகப் பார்த்தே காசநோயாளிகளைச் சோதித்தார். அதனால் மிகுந்த கதிர்வீச்சுக்கு உள்ளானார். குண்டு விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரிந்துவிட்டது. பிறகு குண்டு விழுந்தது. மனைவி வீட்டில் இறந்தார். தம் தலையில் காயத்துடன், பிழைத்த உடன் ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு நாகாய் மருத்துவம் செய்தார். பின்னர் படுத்த படுக்கையாக இருந்தபடி நூல்கள் எழுதினார்.

அவருடைய 'நாகசாகியின் மணிகள்' 1946-இல் எழுதி முடிந்தும் 1949-இல்தான் வெளிவந்தது. மணிலாவில் ஜப்பானியப் படையினர் செய்த கொடுமைகளைக் கூறும் பகுதி ஒன்றையும் சேர்த்தால்தான் வெளியிடலாம் என்று தணிக்கையாளர்கள் கூற, அவ்வாறே சேர்த்து வெளியிட்டனர். நாகாய் 1951-இல் காலமானார். தம் அனுபவத்தை ஒரு துயரக் கதையாக மட்டுமின்றி, கதிர்வீச்சு நோயின் படிநிலைகளைப் பதிவு செய்யும் மருத்துவராகவும் அவர் எழுதியதே அந்நூலின் சிறப்பு.

நாகசாகிக் குண்டு புளூட்டோனியத்தால் ஆனது. ஆற்றல் சுமார் 21,000 டன். ஹிரோஷிமாக் குண்டைவிட வலியது. இருந்தும் அங்கு உயிரிழப்பு குறைவு. ஏன்? ஹிரோஷிமா ஆற்றுக் கழிமுகத்தில் அமைந்த சமவெளி நகரம். நாகசாகியில் குண்டு உரகாமிப் பள்ளத்தாக்கின் மேல் வெடித்தது; நடுவே நின்ற குன்றுகள் நகரின் மறுபகுதியை மறைத்தன.

கறுப்பு மழை

ஹிரோஷிமாவில் குண்டு வெடித்து அரைமணி நேரம் ஆவதற்குள் நகரின் மேற்கிலும் வடமேற்கிலும் மழை பெய்யத் தொடங்கியது. நீர் கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. எரியும் நகரிலிருந்து சூடான காற்று மேலே பாய்ந்தது. அதனுடன் கரியும் புழுதியும் சென்றன. உயரத்தில் ஈரம் குளிர்ந்து அத்துகள்களின் மேல் நீர்த்துளியாகப் படிந்தது. கரியோடு கதிரியக்கப் பொருள்களும் சேர்ந்து இறங்கின. தாகத்தால் வாடியவர்கள் அந்த நீரைப் பருகினர்.

ஹிரோஷிமா வானிலை நிலைய ஊழியர்கள் அந்த ஆண்டிலேயே ஊர் ஊராகச் சென்று, மழை எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் பெய்தது என்று மக்களைக் கேட்டு வரைபடம் தயாரித்தனர். கனத்த மழை பெய்த பகுதி 19 கிலோமீட்டர் நீளமும் 11 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு நீள்வட்டம் என்று குறித்தனர். மாசுஜி இபுசே 1965–66-இல் எழுதிய 'கறுப்பு மழை' என்ற நாவல் இந்த மழையை உலகறியச் செய்தது. அதுவும் முழுக் கற்பனை அன்று. பிழைத்த ஒருவரின் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டது.

1976-இல் அரசு அந்த நீள்வட்டத்தை எல்லையாகக் கொண்டு சலுகை அளித்தது. கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு இலவச மருத்துவப் பரிசோதனை; வெளியே இருந்தவர்களுக்கு இல்லை. ஆனால் கோட்டுக்கு வெளியேயும் கறுப்பு மழையில் நனைந்தோம் என்று பலர் கூறி வந்தனர். வழக்குத் தொடுத்த 84 பேருக்குச் சாதகமாக ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. அவர்களில் பலர் குழந்தைகளாக இருந்தபோது கண்டதையே சாட்சியாகச் சொன்னவர்கள். 76 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் சொல் ஏற்கப்பட்டது.

சொல் எண்ணாக மாறியது

எக்ஸ்ரே எடுக்கும் அறையில் ஊழியர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் எவ்வளவு கதிர்வீச்சுக்கு உட்படலாம் என்ற வரம்பு எங்கிருந்து வந்தது? அதற்குப் பேரடிப்படை, ஹிரோஷிமா, நாகசாகி மக்களிடம் நடந்த ஆய்வுதான்.

1947-இல் அமெரிக்கர்கள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விளைவுகளுக்கான ஆய்வுக் குழுவை நிறுவினர். 1975-இல் அதன் இடத்தில் இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு நிறுவனம் வந்தது. ஏறத்தாழ 1,20,000 பேரை 1950 முதல் அது தொடர்ந்து கவனித்து வருகிறது.

ஒரு சிக்கல் இருந்தது. ஒருவர் பெற்ற கதிர்வீச்சின் அளவைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஆனால் அன்று எவர் உடலிலும் அளவுகருவி இல்லை. இங்கேதான் பிழைத்தவர்களின் நினைவு உதவியது. நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வெளியிலா, வீட்டுக்குள்ளா? எந்தப் பக்கம் திரும்பி நின்றீர்கள்? சுவர் எவ்வளவு தூரம்? இப்படிக் கேட்டு வீட்டின் படம் வரைந்து பல்லாயிரம் பேரின் விவரங்களைத் திரட்டினர். 1962-இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 460 மீட்டருக்கும் மேல் உயரமான கோபுரம் எழுப்பி, அதன்மேல் சிறிய அணு உலையை வைத்து, கீழே ஜப்பானிய வீடுகளைப் போன்ற மாதிரி வீடுகளைக் கட்டி, மரமும் ஓடும் எவ்வளவு கதிர்களைத் தடுக்கின்றன என்று அளந்தனர். பிற்காலத்தில் கணிப்பொறிகள் இந்தக் கணக்கை மேலும் திருத்தின. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வெட்டவெளியில் நின்றவர் மீது பட்ட கதிர்வீச்சில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவே இரண்டு கிலோமீட்டரில் நின்றவர் மீது பட்டது. சில நூறு மீட்டரும் ஒரு சுவரும் வாழ்வையும் சாவையும் பிரித்தன.

இந்த ஆய்வு கண்ட உண்மைகள் பல. இரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே மிகுந்து, குண்டு விழுந்த ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் உச்சம் அடைந்தது. மற்றப் புற்றுநோய்கள் பத்து ஆண்டுக்குப் பின் தலைகாட்டிப் பல பத்தாண்டுகள் நீடித்தன. கருவில் 8 முதல் 15 வாரம் வரை இருந்தபோது மிகுந்த கதிர்வீச்சுக்கு ஆளான குழந்தைகளில் சிலருக்கு மூளை வளர்ச்சி குன்றியது. பிழைத்தவர்களுக்குப் பின்னர்ப் பிறந்த பிள்ளைகளிடம் மரபுக் கேடு கூடியதற்கான சான்று இதுவரை கிடைக்கவில்லை. இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. ஏனெனில், பரம்பரைக்கே நோய் வரும் என்ற அச்சத்தால் பிழைத்தவர்களுக்குப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் பலர் தயங்கினர்.

ஆயினும் இந்த அறிவுக்கு மக்கள் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் இருந்த ஆய்வுக் குழு பரிசோதித்ததே தவிர மருத்துவம் செய்யவில்லை. எங்களைச் சோதனைப் பொருளாக நடத்தினார்கள் என்ற மனக்குறையைப் பிழைத்தவர்களின் நூல்களில் காணலாம். 2017-இல் நடந்த எழுபதாம் ஆண்டு விழாவில் நிறுவனத்தின் தலைவரே இதற்கு வருத்தம் தெரிவித்தார்.

நினைவு தவறாதா?

மனித நினைவு தவறக்கூடியதாயிற்றே, அதை அறிவியல் எப்படி நம்பலாம் என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஹெர்சியின் நூலிலேயே அந்த ஒளி ஒருவருக்கு வெண்மையாகவும் மற்றொருவருக்கு மஞ்சளாகவும் தெரிந்தது. ஒருவர் மையத்தை நோக்கி இருந்தார், மற்றவர் முதுகைக் காட்டி இருந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் வேறுபாடே ஒரு செய்தியாகிறது. ஒரே சாட்சியத்தை நம்பாமல் பலவற்றை ஒப்பிடுவதும், கல், ஓடு, இரத்தம் ஆகியவற்றில் உள்ள தடயத்தோடு வைத்துப் பார்ப்பதும் அறிவியலின் வழி.

கதை உண்மையை மாற்றிவிடுவதும் உண்டு. சடாகோ சசாகி என்ற சிறுமி இரண்டு வயதில் குண்டுக்கு ஆளாகி, 1955-இல் பன்னிரண்டாம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்தால் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் மடித்தாள். உலகில் பரவிய கதைநூல் ஒன்று, அவள் 644 கொக்குகள் மடித்தபோது இறந்தாள் என்று கூறும். ஆயிரத்துக்கு மேல் மடித்தாள் என்பதே குடும்பத்தாரின் சாட்சி. கதைக்கு முதலாவது பொருத்தமாக இருக்கலாம். ஆயிரத்தை முடித்தும் பிழைக்கவில்லை என்பது உண்மைக்குப் பொருத்தம். படிப்பவர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல்நிலைச் சான்றுகளைத் தேடிப் படியுங்கள். கல்வியாளர் அராதா ஒசாடா 1951-இல் தொகுத்த நூலில், குண்டுக்கு ஆளான 105 சிறுவர் சிறுமியர் தாமே எழுதிய கட்டுரைகள் உள்ளன. 1974-இல் ஒரு முதியவர் தாம் கண்டதைப் படமாக வரைந்து ஹிரோஷிமா ஒளிபரப்பு நிலையத்துக்குக் கொண்டு வந்து கொடுத்தார். நிலையத்தார் மற்றவர்களையும் வரையுமாறு வேண்ட, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்து குவிந்தன. ஓவியப் பயிற்சியே இல்லாத அவர்கள் தீயையும் ஆற்றையும் நீர் கேட்டவர்களின் முகங்களையும் வரைந்தனர். இவற்றோடு 1979-இல் ஜப்பானிய அறிஞர்கள் தொகுத்து வெளியிட்ட பெருநூலையும் வைத்துப் படித்தால் அறிவும் உணர்வும் ஒன்றை ஒன்று நிரப்பும்.

இன்னும் எத்தனை நாள்?

குண்டுக்கு ஆளாகிப் பிழைத்தவர்களை ஜப்பானியர் 'ஹிபாகுஷா' என்பர். 1980-ஐ ஒட்டி அரசின் பதிவேட்டில் 3,70,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2025 மார்ச்சில் அந்த எண் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அவர்களின் சராசரி வயது 86-ஐத் தாண்டிவிட்டது. 1956-இல் அவர்கள் தொடங்கிய 'நிஹோன் ஹிதான்கியோ' என்ற கூட்டமைப்புக்கு 2024-ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. சாட்சி சொன்னதற்காகக் கிடைத்த பரிசு அது.

அணு ஆயுதங்கள் ஒழிந்துவிடவில்லை. இன்று ஒன்பது நாடுகளிடம் மொத்தம் 12,000-க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் உள்ளன. அவற்றில் பல ஹிரோஷிமாக் குண்டைவிடப் பல மடங்கு வலியவை. அவற்றின் ஆற்றலைக் கணிப்பொறி சொல்லும். அது மனித உடலில் என்ன செய்யும் என்பதைச் சொல்ல, இரண்டு நகரங்களில் இருந்தவர்களின் ஏடுகள்தாம் நமக்கு உண்டு. புதிதாக மூன்றாவது நகரம் ஒன்று சாட்சி சொல்ல நேராதபடி பார்த்துக் கொள்வது, அந்த ஏடுகளைப் படிக்கும் தலைமுறையின் பொறுப்பாகும்.